எவ்வளவு பெய்தது என்று கேட்டேன்

குளிர்காலக் காலைகளில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடக்கும் ஒரு காரியத்தை ஊரில் யாரிடமாவது சொன்னால், கனடாவுக்குப் போய் இவனுக்குத் தலை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சுபஹு தொழுதுவிட்டு, இரண்டு காற்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தடித்த ஜக்கெட்டையும் மாட்டிக்கொண்டு பின்வளவுக்கு இறங்குவேன். அங்கே ஒரு மரக்கம்பத்தில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் உருளை பொருத்தப்பட்டிருக்கும். இரவு விழுந்த ஸ்னோ அதற்குள் நிறைந்திருக்கும். உருளையைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்து, அளந்து எடுத்த வெந்நீரை அதற்குள் ஊற்றி, உள்ளே இருப்பது முழுவதும் கரையும்வரை கையால் சுழற்றிக்கொண்டு நிற்பேன். பிறகு அந்தத் தண்ணீரை இரண்டு விரல் பருமனுள்ள ஒரு அளவுக்குழாயில் ஊற்றி, கோடுகளை எண்ணி, நான் சேர்த்த வெந்நீரைக் கழித்து, மிச்சத்தைக் கொப்பியில் எழுதுவேன். வளவில் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது, உருக்கிப் பார்த்தால் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட நிரப்பாது. என் மனைவி ரிஹானா முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, “இதக் காய்ச்சி ஆருக்குக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டாள். “ஆருக்கும் இல்ல. எழுதிறதுக்கு” என்றேன். “எழுதி?” என்றாள். நான் கொப்பியை மூடி வைத்தேன்.

நான் சாய்ந்தமருதில் பிறந்தவன். கல்முனையில் ஒரு பாடசாலையில் பதினேழு வருடங்கள் புவியியல் படிப்பித்தேன். மழைமானியின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. புனல், உருளை, அளவுக்குழாய் என்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். பரீட்சையிலும் வரைவார்கள். ஆனால் ஒரு மழைமானியை நானோ அவர்களோ கையால் தொட்டதில்லை. பாடசாலையில் அது இருக்கவில்லை. முஸ்லிம்கள் என்பதற்காகவே எங்கள் ஆட்களை எல்லோரும் சந்தேகத்தோடு பார்த்த ஒரு காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, வின்னிபெக் நகருக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வீட்டு வளவில் மழையையும் ஸ்னோவையும் அளந்து தினமும் இணையத்தில் பதியத் தொண்டர்கள் தேவையாம். இந்த நாட்டில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்காமல் என்னை ஏற்றுக்கொண்ட முதல் இடம் அதுதான். அவர்கள் சொல்லித் தந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்றுமே பெய்யாத நாளிலும் பூச்சியம் என்று பதிய வேண்டும். பெட்டியை வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

உருளை ஒருபுறமிருக்க, ஸ்னோவின் ஆழத்தை அளப்பதற்கு வெள்ளை நிறம் பூசிய ஒரு பலகையும் வளவில் கிடக்கும். அதன் அருகே முழங்காலில் இருந்து, அடிமட்டத்தை நேராகக் குத்தி, கண் அதன் மட்டத்துக்கு வரும்படி குனிந்து பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் டொன் என்றொரு வயதானவர் இருக்கிறார். ஸ்னோவை வாரி எறியும் மெசின் ஒன்று வைத்திருக்கிறார். அந்தச் சத்தம் தெருவையே எழுப்பிவிடும். ஆனால் நான் வளவுக்கு வரும் நேரத்தில் அது நின்றுவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உன் பிரார்த்தனை முடியும்வரை நான் மெசினைப் போடமாட்டேன். நீ அவசரப்படாதே” என்றார். எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாகப் போயிற்று. “இல்லை, மெஷரிங், மெஷரிங்” என்று அடிமட்டத்தைத் தூக்கிக் காட்டினேன். என் உச்சரிப்பில் அது அவருக்கு அறபுச் சொல்லாகக் கேட்டிருக்க வேண்டும். “மெஷரிங்” என்று ஒருதரம் பணிவோடு திருப்பிச் சொல்லி, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் நான் திருத்தவில்லை. ஒரு மனிதர் எனக்காகத் தன் மெசினை நிறுத்தி வைக்கிறார் என்பது அந்த நாட்களில் எனக்குத் தேவையாக இருந்தது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயர் சபீக். என்னைவிட ஐந்து வயது இளையவன். நான் படிப்பின் பக்கம் போக, அவன் வாப்பாவோடு வயலுக்குப் போனான். வாப்பா போனபின் அந்த ஆறு ஏக்கரையும் அவன்தான் செய்தான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது, வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போயிற்று. சபீக் கலியாணம் முடித்து நஸீமாவின் வீட்டில் போய் இருந்தான். இருந்தாலும் காலையும் மாலையும் உம்மாவிடம் வந்து போவான். உம்மா படுக்கையில் விழுந்தபோது தூக்கி இருத்தியதும், கழுவித் துடைத்ததும், கல்முனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும் அவன்தான். உம்மா மௌத்தானபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. அன்று அவன் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்; அண்ணனை நாங்கள் காக்கா என்போம், பின்னேரத் தொழுகையை அஸர் என்போம். “காக்கா, அஸருக்கு அடக்கிறம். வாறீங்களா எண்டு கேட்கல்ல. சொல்லணுமே எண்டு சொல்றன்.” அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள் அவன் என்னோடு கதைத்ததெல்லாம் ஓம், இல்ல என்ற இரண்டு சொற்கள்தான். நான் எதைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்று வரும். பிறகு நஸீமா போனை வாங்கிக்கொண்டு, “அவர் வேலயா இரிக்கார் மச்சான்” என்பாள்.

அவனோடு கதைப்பதற்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. ஊருக்குப் போன ஒருவரிடம் என்னுடையதைப் போலவே ஒரு மழைமானியை வாங்கிக் கொடுத்துவிட்டேன். கிடைத்த அன்று அவனே அழைத்தான். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. “பிளாஸ்டிக் குழாய் ஒண்டு வந்திரிக்கி. என்னத்துக்கு காக்கா?”

“மழ அளக்கிறதுக்கு.”

“மழய அளந்து நான் என்ன செய்ற? பெய்தா வேளாண்மை. கூடப் பெய்தா நாசம். இதுக்குக் குழாய் வேணுமா?”

ஓம், இல்ல என்பதைத் தாண்டி அவன் கதைத்துவிட்டானே என்ற சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் அவன் ஒரு படம் அனுப்பினான். நஸீமாவின் வளவில், மாமரத்துக்கும் தென்னைக்கும் நடுவில் கம்பு நட்டு அதைக் கட்டியிருந்தான். ஆசிரியப் புத்தி விடுமா? “அதில வச்சா சரிவராதுடா. மரத்தில பட்டு வாற தண்ணிதான் விழும். மேல வானம் மட்டும் தெரியிற இடத்தில வை” என்றேன். “அப்பிடி இடம் எனக்கு வட்டையிலதான் இரிக்கி” என்றான். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். அது வீட்டிலிருந்து ஒன்றரை மைல் மேற்கே. “அப்ப வட்டையில வை” என்றேன். அந்த இடத்தைத் தெரிவு செய்தவன் நான்தான்.

அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே முந்தின நாள் மாலை ஏழரை. நாங்கள் சோற்றுக்கு அமரும் நேரம். சபீக் வயலைப் பார்க்கப் போகும்போதே குழாயையும் பார்த்துவிட்டு ஒரு குரல்பதிவு அனுப்புவான். முதலில் எண் மட்டும்தான், மில்லிமீற்றர் கணக்கில். “காக்கா, பூச்சியம்.” “காக்கா, பன்னெண்டு.” நான் என் கொப்பியில் அவனுக்கென ஒரு நிரலை ஒதுக்கி எழுதினேன். இடது பக்கம் வின்னிபெக், வலது பக்கம் வட்டை. சில வாரங்களில் எண்ணுக்குப் பின்னால் ஒரு வசனம் ஒட்டிக்கொண்டது. கொக்கு நிறைய இறங்கியிருக்கிறது என்பான். பக்கத்துக் காணிக்காரர் வரம்பைச் செதுக்கித் தன் பக்கம் சேர்க்கிறார் என்பான். பின்னர் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நீண்டது. வாய்க்கால் சத்தமும் அவன் மூச்சும் சேர்ந்து கேட்கும். ரிஹானாவும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மழை விட்ட நேரம் அனுப்பியிருந்தான். “முப்பத்தொண்டு காக்கா. உம்மாட கடைசி நாளும் மழதான். அப்ப இந்தக் குழாய் இருக்கல்ல. இருந்திருந்தா அளந்து உங்களுக்குச் சொல்லியிருப்பன்.” அதை நான் பல தடவை போட்டுக் கேட்டேன். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்பதை அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை அவனைக் கடிந்திருக்கிறேன். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து அவன் அளக்கவில்லை. நான் ஏதோ பெரிய அதிகாரிபோல அந்த விதியைச் சொன்னேன். “வெறுமையா விடாத தம்பி. வெறுமையா விட்டா மழ பெய்யல்ல எண்டு இல்ல, நீ பார்க்கல்ல எண்டுதான் அர்த்தம்.” அவன் கோபிக்கவில்லை. “சரி காக்கா. இனி விடமாட்டன்” என்றான்.

வெளிநாட்டில் இருக்கும் என் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒருவர் இருக்கிறார். வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போய் அவர் கபுரைப் படமெடுத்து அனுப்பு என்போம். அந்தச் சந்தியில் கடை இன்னும் இருக்கிறதா என்று பார் என்போம். அரசாங்கக் கந்தோருக்குப் போய் அந்தக் கடதாசியை எடு என்போம். நாம் சூடாக்கிய அறைக்குள் இருந்தபடி விரலால் அழுத்துகிறோம். அங்கே ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார். வெயிலா, மழையா, அவருக்கு உடம்பு சரியா என்று கேட்பதில்லை. கேட்டாலும், கேட்ட பிறகும் அனுப்பத்தான் செய்கிறோம்.

அந்த வருடம் மாரி மழை பலமாகப் பிடித்தது. முதல் நாள் எண்பத்தெட்டு. இரண்டாம் நாள் அவன் குரல் மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தியது. “எட்டுத் தரம் ஊத்தி ஊத்தி அளந்தன் காக்கா. நூற்றி எண்பத்தாறு. எழுதிக்கொள்ளுங்க. என்ட சீவியத்தில இப்பிடிக் காணல்ல.” உள்ளே இருக்கும் அளவுக்குழாய் நிரம்பினால் மிச்சம் வெளியுருளையில் விழும், அதை எடுத்து எடுத்துக் குழாயில் ஊற்றி அளக்க வேண்டும். அவன் கொட்டும் மழையில் நின்று எட்டுத் தரம் அதைச் செய்திருக்கிறான். அடுத்த நாள் வேலையில், என்னோடு விரிப்பு மடிக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் அந்த எண்ணைச் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்தாள். இங்கே ஒரு வருடத்துக்கு விழுவதில் மூன்றில் ஒரு பங்கு அங்கே ஒரே நாளில் விழுந்துவிட்டது என்று விளக்கினேன். இதை மறைத்துப் பயனில்லை: எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பியின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ஏழரைக்கு ஒன்றும் வரவில்லை. சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, “எவ்வளவு பெய்தது?” என்று எழுதிக் கேட்டேன். ரிஹானா, “ஊருக்குள்ள வெள்ளமாம், இப்ப அதயா கேட்கிற?” என்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது. “காக்கா, வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி. பிள்ளயளயும் நஸீமாவயும் மேட்டுல அவட மாமி வீட்ட விடப் போறன். வட்டைக்கு இன்னும் போகல்ல.” அதற்கு நான் எழுதிய பதில் இது. அழிக்காமல் வைத்திருக்கிறேன். “கவனம். உருளை நிரம்பி வழிஞ்சா கணக்குப் பிழைச்சிரும். வழிய முன்ன ஒருக்காப் போய்ப் பாரு.”

கவனம் என்றுதான் தொடங்கியிருக்கிறேன். உருளை கவனம் என்றேனா, நீ கவனம் என்றேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். உண்மை எனக்குத் தெரியும். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அவன் பார்த்துவிட்டான்.

அடுத்த நாள் முழுவதும் யாருடைய போனும் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள் காலை, வளவுக்கு இறங்க ஜக்கெட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது நஸீமாவின் தம்பி ரமீஸ் அழைத்தான். தரவைப் புல்வெளிப் பக்கத்தில் எங்கோ சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று கத்தினான். “காக்கா, சபீக் மச்சான அடக்கிட்டம்.” முதலில் எனக்கு விளங்கவில்லை. எதை அடக்கினார்கள்? யாரை? மௌத்தான செய்தி வராமல் அடக்கிய செய்தி வந்ததால் மனம் அதைப் பிடிக்க மறுத்தது. “வட்டைக்குப் போன இடத்தில தண்ணி இழுத்திட்டு காக்கா. மத்த நாள்தான் எடுத்த. வெள்ளத்தில வச்சிருக்க ஏலா எண்டு லுஹருக்கே அடக்கின.” நான் ஜக்கெட்டோடு நிலத்தில் இருந்துவிட்டேன். வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. அன்று அதை அளக்கவில்லை.

“என்னத்துக்குப் போன?” என்று அழுகைக்கு நடுவில் கேட்டேன். “வேளாண்மை பார்க்கப் போனவர்” என்றான் ரமீஸ். அந்த மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வாரம் உயிரோடு இருந்தேன். ஒரு விவசாயி வெள்ளத்தில் தன் பயிரைப் பார்க்கப் போவான்தானே. வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிடப் போயிருப்பான். நான் கேட்காவிட்டாலும் போயிருப்பான். இதை ரிஹானாவிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னேன். அவள், “ஓம், ஓம்” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தமுறை என் கையில் நிரந்தர வதிவிட அட்டை இருந்தது. உம்மாவுக்குப் போக முடியாதவன் தம்பிக்குப் போனேன், ஏழு வாரம் பிந்தி. தங்கச்சி வீட்டில் தங்கினேன். சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு இருந்தது. மையவாடியில் கபுர்மேல் குத்தியிருந்த செடி வேர்விட்டுத் துளிர்த்திருந்தது. ரமீஸ் என்னை மோட்டார் சைக்கிளில் வட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பயிர் அழுகி, நிலம் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. வாய்க்கால் பாலத்தடியில் நிறுத்தினான். அன்று காலை இரண்டு பேர் இந்தப் பாலத்தில் நின்று சபீக்கைத் திரும்பிப் போகச் சொன்னார்களாம். “‘ஒரு சின்ன வேல, பாத்திட்டு வாறன்’ எண்டு சொன்னாராம் காக்கா.”

“என்ன வேல எண்டு சொன்னானாமா?”

“இல்ல. வேளாண்மைதானே. வேறென்ன?”

வயற்காவல் குடிசையான வாடிக்குப் பக்கத்தில் அந்தக் கம்பு அடியோடு சாய்ந்து கிடந்தது. கட்டிய கம்பி அப்படியே இருந்தது. உருளை இல்லை. வெள்ளம் கொண்டு போயிருக்கும் என்று ரமீஸ் சொன்னான். நானும் அப்படியே நம்பினேன். அன்று அஸருக்குப் பிறகு நஸீமாவைப் பார்க்கப் போனோம். பார்க்க என்று சொல்வது சரியில்லை. அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன் வரமாட்டாள். கணவனின் காக்காவும் அந்நியன்தான். முன்னறையில் எனக்கும் ரமீஸுக்கும் கதிரை போட்டிருந்தார்கள். உள்ளறை வாசலில் பச்சைத் திரைச்சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் அவள் பாயில் வந்து அமரும் சத்தம் கேட்டது.

“வந்திட்டீங்களா மச்சான்.”

“ஓம் புள்ள.”

“ரிஹானா மச்சி சுகமா?”

“சுகம்.”

நான் சொல்ல வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. அவள்தான் மறுபடி தொடங்கினாள். “குளிப்பாட்டின ஆக்கள் அவர்ர சாமான் தந்தாங்க. போனும் சாவியும். மறுகா இது. சாரன் மடிப்புக்குள்ள இறுக்கிச் சொருகியிருந்ததாம்.” திரைச்சீலையின் அடியால் ஒரு கை, வெள்ளைத் துணியில் சுற்றிய பொருளொன்றை என் பக்கம் தள்ளியது. எடுத்துப் பிரித்தேன். அளவுக்குழாய். இரண்டு விரல் பருமன், உள்ளே அடியில் காய்ந்த வண்டல், கறுப்புக் கோடுகள். வட்டைவரை போயிருக்கிறான். கம்பு சாயப்போகிறது என்று கண்டு, உருளையை விட்டு, காக்காவின் சாமானில் இதையாவது காப்பாற்றுவோம் என்று இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பியிருக்கிறான். திரும்பும் வழியில்தான் தண்ணீர் இழுத்திருக்கிறது.

“இது என்ன எண்டு அவங்களுக்கு விளங்கல்ல. எனக்கு விளங்கின” என்றாள் நஸீமா. அவள் குரலில் அழுகை இல்லை. “எங்கள மேட்டுல விட்டுட்டு, நிண்ட நிலையில போனப் பாத்தவர். போகாதீங்க எண்டன். காக்கா சொல்லியிரிக்கார், நிரம்பி வழியப் போகுதாம், கிட்டத்தான், போயிட்டு வாறன் எண்டார். வேளாண்மையெல்லாம் முந்தின நாளே போயிட்டு மச்சான். அது அவருக்குத் தெரியும்.”

ரமீஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நஸீமா, நான்...” என்று தொடங்கினேன்.

“மாப்புக் கேட்காதீங்க மச்சான்” என்றாள் உடனே. “கேட்டா நான் தரணும். இப்ப எனக்கு ஏலா.”

அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றுதான். “அது உங்கட. கொண்டு போங்க.”

மீதமிருந்த ஒன்பது நாளும் அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. தங்கச்சியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, “எப்ப போறீங்க?” என்பதுதான். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் வந்த முதல் நிமிடத்திலேயே போகும் நாளைக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. போகும் நாள் வந்தது, போனேன். டொரொண்டோ விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி அந்தக் குழாயைத் தூக்கி, இது என்ன என்று கேட்டார். மழைக்கு உரியது என்றேன். “மழையைக் கொண்டு வந்திருக்கிறாயா? நல்லது, எங்களுக்குத் தேவைதான்” என்று சிரித்துவிட்டு, திரும்பவும் துணியில் சுற்றி வைத்தார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

வின்னிபெக் வளவில் கம்பத்தின் மேல் ஸ்னோ குல்லாய்போல் குவிந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. காலை ஏழு மணிக்கு ஜன்னலடியில் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். தொண்டர் குழுவிலிருந்து, உங்கள் பதிவுகள் வரவில்லையே, நலமா என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பதில் எழுதவில்லை. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது டொன் தெருவோரம் மறித்தார். தயங்கித் தயங்கி, “நீ இப்போது வளவுக்கு வருவதில்லை. மெஷரிங்கை விட்டுவிட்டாயா?” என்று கேட்டார். என் தம்பி இறந்துவிட்டான் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்படியான நேரத்தில்தான் அது ஒருவனுக்கு அதிகம் தேவை” என்றார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? என் தம்பியைக் கொன்றது அதுதான் என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? நன்றி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

என் கொப்பியில் வலது பக்க நிரல் நூற்றி எண்பத்தாறோடு நிற்கிறது. அடுத்த கட்டம் வெறுமை. அன்று அங்கே எவ்வளவு பெய்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. குழாயில் வண்டல்தான் இருந்தது, தண்ணீர் இருக்கவில்லை. நஸீமாவின் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது. அவளுக்கு நான் மூன்று தடவை அழைத்தேன். மூன்று தடவையும் ரமீஸ்தான் எடுத்தான். “அக்கா வேலயா இரிக்கா காக்கா” என்றான். அவளிடம் மாப்புக் கேட்கும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை. வருமா என்பதும் தெரியாது. இதை எழுதுவதால் அது வந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை.

இந்த வருடம் இந்தப் பக்கத்தில் கோடையிலிருந்தே மழையில்லை. வடக்கே காடுகள் எரிந்து புகை நகரத்துக்குள் வந்தது. ஒக்டோபர் பிறந்தும் புல் மஞ்சளாகக் கிடந்தது. பண்ணைக்காரர்கள் மண்ணை அள்ளித் தூற்றிக் காட்டுவதைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். சென்ற வெள்ளிக்கிழமை காலை ரமீஸின் செய்தி வந்திருந்தது. “மழ பிடிச்சிட்டு காக்கா. வட்டையெல்லாம் தண்ணி நிக்கி. பிள்ளயள் பயந்துபோய் இரிக்கிதுகள். துஆ செய்யுங்க.” அன்று ஜும்ஆவுக்குப் போனேன். சோமாலியர், பாகிஸ்தானியர், சிரியர், என்னைப்போல் ஓரிரு இலங்கையர் என்று பள்ளிவாசல் நிறைந்திருந்தது. குத்பா உரையின் முடிவில் இமாம், இந்த நிலம் காய்ந்துவிட்டது, நம் அயலவர்களின் பண்ணைகள் காய்ந்துவிட்டன, மழைக்காக இறைஞ்சுவோம் என்று கைகளை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். நானும் ஏந்தினேன். யா அல்லாஹ், எங்களுக்கு மழையைத் தா என்று அவர் அறபில் கேட்கக் கேட்க, நூற்றுக்கணக்கான குரல்கள் ஆமீன், ஆமீன் என்றன. என் அருகில் இருந்த சோமாலியர் அழுதுகொண்டே ஆமீன் சொன்னார். ஊரில் மழை நிற்கட்டும் என்று கேட்பதா, இங்கே பெய்யட்டும் என்று கேட்பதா என்று தெரியாமல், வாய் திறவாமல், ஏந்திய கைகளோடு நான் இருந்தேன். துஆ முடிந்து எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். என் கைகள் மட்டும் இறங்கவில்லை.